பன்னம் பூக்குமா, அண்ணை?

எல்லர்ன்பெக்
8 மே 2005

அன்புள்ள அண்ணைக்கு,

பன்னம் பூக்குமா?

ஒன்பது மாதம் பேசாமல் இருந்துவிட்டு முதல் வரியிலேயே இதைக் கேட்கிறாளே என்று கோபிக்க வேண்டாம். தொலைபேசியில் என் குரல் கேட்டால் வைத்துவிடுவீர்கள். கடிதம் அப்படியல்ல, எழுத்துப் பிழை பார்ப்பதற்காகவாவது கடைசிவரை வாசிப்பீர்கள். ஊரில் பதின்மூன்று வருடம் தாவரவியல் படிப்பித்தவர் என்று எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் நீங்கள் ஒருவர்தான். அதனால் வேறு வழியில்லை.

நான் இப்போது எங்கே இருக்கிறேன் என்று மச்சாளுக்குக்கூடச் சொல்லவில்லை. ஹம்மிலிருந்து ரயிலும் பேருந்துமாக ஒன்றரை மணி நேரம், எம்ஸ் ஆற்றங்கரையில் ஒரு ஸ்பார்கல் பண்ணை. ஏப்ரலில் இருந்து இங்கே சமையல் வேலை. மண்ணுக்குள்ளேயே வெள்ளையாக வளர்கிற அந்தக் கறித்தண்டை, நாள் முழுக்கக் குனிந்து நின்று வெட்டி எடுக்கிற முப்பத்தொரு பேருக்கு மூன்று நேரமும் சாப்பாடு. எல்லாரும் போலந்துக்காரர். அதிலும் எல்லாரும் ஒரே கிராமம். ஐம்பது வீடு உள்ள ஊரில் இருந்து முப்பத்தொரு பேர் வந்துவிட்டால், அங்கே யார் மிஞ்சியிருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவள் ஹலீனா. அறுபது வயது, என்னைப்போல விதவை. அவளுக்கும் உடைந்த ஜெர்மன், எனக்கும் உடைந்த ஜெர்மன். அதனால் நல்லாக ஒத்துப்போகிறது. நேற்று உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: “உங்கட நாட்டில பன்னம் எப்ப பூக்கும்? எங்கட ஊரில வருசத்தில ஒரே ஒரு தரம், யோவான் திருநாளுக்கு முதல் நாள் இரவு.”

நான் சிரித்துவிட்டேன். பிறகு சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் கிணற்றுக்கட்டில் முளைத்திருந்த பன்னச் செடியில் பூவைப் பார்த்த ஞாபகம் இல்லை. பூக்குமா?

பிளோறன்ஸ்

*

ஹம்
15 மே 2005

பிளோறன்ஸுக்கு,

பன்னம் பூக்காது.

இந்தியப் புத்தகங்களில் பெரணி என்று எழுதுவார்கள். அது பூக்கும் தாவரமே அல்ல. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் மண்ணிறப் பொட்டுகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்குள் தூள்போல வித்திகள். அவற்றால்தான் இனம் பெருகுகிறது. இதை நான் ஒன்பதாம் வகுப்பில் உனக்கே படிப்பித்திருக்கிறேன். நீ அன்றைக்கும் கவனிக்கவில்லை என்று தெரிகிறது.

உன் மச்சாள் உன் கடிதத்தை என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது ஆசிரியனின் கடமை என்பதால் எழுதுகிறேன். வேறு எதற்கும் இது பதில் என்று எடுத்துக்கொள்ளாதே. நீ என் வீட்டை விட்டுப் பெட்டியோடு இறங்கியது நீயாக எடுத்த முடிவு.

உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்: நீ வேலை செய்யும் பண்ணையின் ஸ்பார்கல், ஆங்கிலத்தில் அஸ்பராகஸ், வேறு ஒன்றுமில்லை, ஊரில் மருந்துக்குத் தோண்டுகிற சாத்தாவாரியின் இனம்தான்.

ஜேசுரட்ணம்

பி.கு.: அவர்கள் பன்னம் என்று சொல்வது எதை? பல இனங்கள் உண்டு. ஓர் இலையைப் புத்தகத்துக்குள் வைத்து அழுத்திக் காயவைத்து அனுப்பினால் சொல்ல முடியும். அடிக்காம்போடு பறிக்க வேண்டும். பூ எந்த நிறம் என்று சொல்கிறார்கள்?

*

எல்லர்ன்பெக்
24 மே 2005

அன்புள்ள அண்ணைக்கு,

இலை இத்துடன் இருக்கிறது. பண்ணைக்குப் பின்னால் உள்ள காட்டில் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. அழுத்துவதற்குப் பெரிய புத்தகம் என்னிடம் இல்லை. பண்ணை முதலாளியின் டிராக்டர் கையேட்டுக்குள் வைத்துக் காயவைத்தேன். ஓரத்தில் எண்ணெய் பட்டிருந்தால் மன்னியுங்கள்.

பூவின் நிறத்தில் அவர்களுக்குள்ளேயே சண்டை. ஹலீனா நெருப்பு நிறம் என்கிறாள். அக்னியெஷ்கா என்று இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் நீலம் என்கிறாள். கண்டவர் யாரும் இல்லை. கண்டெடுத்தவருக்கு எல்லா அதிர்ஷ்டமும் வருமாம், ஆனால் அதை ஒருவரோடும் பகிரக் கூடாதாம். பகிர்ந்தால் எல்லாம் போய்விடுமாம். அப்படியென்றால் அதை எடுத்து என்ன செய்வது என்று கேட்டேன். இவ்வளவு வருடத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை போலும், மறுபடி நிறத்துக்கே சண்டைக்குப் போய்விட்டார்கள்.

இன்னும் கேளுங்கள். யோவான் திருநாள் வரும்வரை யாரும் ஆற்றில் இறங்க மாட்டார்கள். எவ்வளவு வெயில் என்றாலும் கால் நனைக்கிறதுகூட இல்லை. யோவான் இன்னும் தண்ணீரை ஆசீர்வதிக்கவில்லை, அதுவரை ஆறு ஆட்களை எடுக்கும் என்கிறார்கள். ஜூன் 23, திருநாளுக்கு முதல் நாள் மாலை, ஒரு புல்லை இடுப்பில் கட்டிக்கொண்டு நெருப்பைத் தாண்டினால் அந்த வருடம் முழுக்க முதுகுவலி வராதாம். ஸ்பார்கல் வெட்டுகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வரம் வேண்டும்? அந்தப் புல்லிலும் ஒரு கொத்து வைத்திருக்கிறேன். கசப்பான வாசனை.

கன்னிப் பெண்கள் பூவளையம் கட்டி, நடுவில் மெழுகுதிரி ஏற்றி, ஆற்றில் விடுவார்கள். அது போகிற போக்கைப் பார்த்துக் கல்யாணக் குறி சொல்வார்கள். ஹலீனா வழக்கத்தை மீறி ஒவ்வொரு வருடமும் செத்துப்போன தன் மனுசனுக்காக ஒன்று விடுகிறாளாம். இந்த வருடம் என்னையும் கட்டச் சொல்கிறாள்.

கட்டலாமா என்று உங்களிடம் கேட்கவில்லை. போன ஆகஸ்டில் கேட்டதே போதும். என் மனுசன் யோகலிங்கத்தின் வருடத் துவசத்துக்கு உங்கள் அடுப்பில் சமைத்துச் சைவக் கோயிலுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன். நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “அவன் செத்தும் உன்னை விடமாட்டான்.” ஓம் அண்ணை, விடமாட்டார். நானும் விடமாட்டேன்.

மச்சாளைக் கேட்டதாகச் சொல்லுங்கோ.

பிளோறன்ஸ்

*

ஹம்
1 ஜூன் 2005

பிளோறன்ஸுக்கு,

இலை வந்து சேர்ந்தது. டிராக்டர் எண்ணெய் நூலகத்துப் புத்தகத்திலும் பட்டுவிட்டது.

இங்குள்ளவர்கள் அதை ஆட்லர்ஃபார்ன், கழுகுப் பன்னம் என்கிறார்கள். வித்திகள் இலை விளிம்பின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். ஜூலைக்குப் பிறகு பார். மற்றக் கொத்து ஆர்ட்டிமீசியா இனம். இந்தியாவில் மாலைகளில் சேர்த்துக் கட்டும் மாசிப்பத்திரி இதன் உறவு. முதுகுவலிக்கு ஆதாரம் எதுவும் நான் பார்த்த புத்தகங்களில் இல்லை.

முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் என்னோடு வேலை செய்பவர்கள் மதிய இடைவேளையில் நான் பூதக்கண்ணாடியும் காய்ந்த இலையுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, எனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள்.

யோவான் பெயரில் ஒரு மஞ்சள் பூவும் அவர்கள் பறிப்பார்களே? யோகானிஸ்கிரவுட். அதன் மொட்டை விரலால் நசுக்கிப் பார். மஞ்சள் பூவில் இருந்து சிவப்புச் சாறு வரும். இலையை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசியால் குத்தியதுபோலத் துளைகள் தெரியும். துளைகள் அல்ல, எண்ணெய்ச் சுரப்பிகள். பரீட்சித்துவிட்டு எழுது.

எனக்கு விளங்காதது வேறு. இவர்கள் கத்தோலிக்கர். திருமுழுக்கு யோவானின் திருநாளில் நெருப்பைத் தாண்டுவதும் ஆற்றிடம் குறி கேட்பதும் எந்த வேதத்தில் இருக்கிறது? அவர்களுடைய சாமியாருக்கு இது தெரியுமா? தெரிந்தும் விட்டிருக்கிறாரா? அவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்வார்களா, இல்லையா? கேட்டு எழுது.

மற்ற விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை. உன் மனுசனுக்குத் திரி கொளுத்துவதென்றால் தேவாலயத்தில் கொளுத்து. ஆற்றில் கொளுத்தாதே.

ஜேசுரட்ணம்

*

எல்லர்ன்பெக்
11 ஜூன் 2005

அன்புள்ள அண்ணைக்கு,

சிவப்புச் சாறு வந்தது! ஹலீனாவின் கையிலும் என் கையிலும் இரண்டு நாள் போகவில்லை. யோவானின் இரத்தம் என்கிறாள். சுரப்பி என்று நீங்கள் எழுதியதை வாசித்துச் சொன்னேன். “உன்ர அண்ணை கெட்டிக்காரன், ஆனா பாவம்” என்றாள். ஏன் பாவம் என்று சொல்லவில்லை.

சாமியார் விஷயம் கேட்டேன். பக்கத்துப் பட்டினத்தில் இருந்து ஒரு போலந்துச் சாமியார் இருபத்துமூன்றாம் தேதி பின்னேரம் வருவார். பூசை வைப்பார். பறித்து வைத்த மூலிகைகளை ஆசீர்வதிப்பார். நான் சமைத்ததைச் சாப்பிடுவார். பிறகு நெருப்பு மூட்ட முதல், “எனக்கு நேரமாகுது” என்று காரில் ஏறிவிடுவார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தானாம். போகும்போது, “விறகு ஈரம், கவனம்” என்று சொல்லிவிட்டுப் போவாராம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்வீர்களா என்று அக்னியெஷ்காவைக் கேட்டேன். “காட்டுக்குள்ள பூத் தேடப் போனதைச் சொல்ல மாட்டம். அங்க வேற ஏதும் நடந்தாச் சொல்லுவம்” என்றாள். பெண்கள் எல்லாரும் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

இன்னொரு விஷயம். ஒன்பது வருடமாக இவர்கள் இந்தத் திருநாளைச் சொந்த ஊரில் கொண்டாடியதே இல்லை. ஸ்பார்கல் வெட்டு முடிவது இருபத்துநாலாம் தேதி, அதே யோவான் திருநாளில். அதற்குப் பிறகு வெட்டினால் செடி செத்துவிடும், இலை வளர விடவேண்டும். ஆகவே ஊர்த் திருநாள் இங்கேதான். அங்கே கிழவர்களும் பிள்ளைகளும் ஆற்றங்கரையில் நின்றுவிட்டு, விறகு அடுக்க ஆள் இல்லாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்களாம்.

நீங்கள் இவ்வளவு கேள்வி கேட்கிறீர்கள். எனக்குக் கேட்டுக் கேட்டு எழுதி மாளாது. இருபத்துமூன்றாம் தேதி வியாழக்கிழமை, வந்து நீங்களே பாருங்கோ. நான் கூப்பிடவில்லை, சொல்கிறேன்.

பிளோறன்ஸ்

*

ஹம்
17 ஜூன் 2005

பிளோறன்ஸுக்கு,

வியாழக்கிழமை எனக்கு வேலை. வர ஏலாது.

எல்லர்ன்பெக்குக்குப் போகும் பேருந்து ரயில் நிலையத்தின் எந்தப் பக்கத்தில் நிற்கும்? திரும்பிவரக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு?

ஜேசுரட்ணம்

*

எல்லர்ன்பெக்
26 ஜூன் 2005

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் காலுறை இங்கே இருக்கிறது. துவைத்துக் காயவைத்திருக்கிறேன்.

ஏன் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனீர்கள்?

இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். பின்னேரம் நீங்கள் இஸ்திரி போட்ட சட்டையோடு பேருந்தால் இறங்கியபோது, நான் கையில் மாவோடு நின்றேன். “வேலை மாத்திக் குடுத்தவங்கள்” என்றீர்கள். அவ்வளவுதான். பிறகு என்னைவிட ஹலீனாவோடுதான் கூடப் பேசினீர்கள். சாமியாருக்குப் பக்கத்தில் இருந்து அவருக்கே எல்லாப் புல்லின் பெயரும் சொன்னீர்கள். அவர் இரண்டு தரம் பருப்பு வாங்கிச் சாப்பிட்டதும் உங்களால்தான், எழும்பவே விடவில்லையே. முப்பத்தொரு பேரும் சுற்றி இருக்க, பன்னம் ஏன் பூக்காது என்று நீங்கள் ஜெர்மனில் வகுப்பு எடுத்தீர்கள். ஹலீனா அதைப் போலந்து மொழியில் சொன்னாள். இடையில் அவள் என் காதில் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். “இது எங்களுக்குத் தெரியும். ஆனா இந்த மனுசன் இவ்வளவு சந்தோசமாச் சொல்லுது, கேட்டுக்கொண்டிருப்பம்.”

இருபது வருடத்தில் நீங்கள் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை அண்ணை.

நெருப்பைத் தாண்ட மாட்டேன் என்று நின்றீர்கள், சரி. ஆனால் இடுப்பில் புல்லைக் கட்டவிட்டீர்கள். பிறகு ஆற்றங்கரைக்கு வந்தோம். வானம் இன்னும் வெளிச்சமாகத்தான் இருந்தது. பெண்களின் வளையங்கள் போயின. அக்னியெஷ்காவுடையது சுற்றிச் சுற்றி நடு ஆற்றால் போனது, அவள் கத்திக்கொண்டு கரையால் ஓடினாள். ஹலீனாவுடையது போனது. அதற்குப் பிறகு நான் யோகலிங்கத்துக்காகக் கட்டியதை விட்டேன். கையெட்டாத தூரத்தில் நாணல் புதரில் போய் மாட்டிக்கொண்டது. திரி எரிந்துகொண்டே நின்றது. “போக மனமில்லை போல” என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

நான் திரும்பிப் பார்க்கிறேன், நீங்கள் சப்பாத்தைக் கழற்றுகிறீர்கள்.

முழங்கால்வரை இறங்கிவிட்டீர்கள். ஹலீனா போலந்து மொழியில் கத்தியது உங்களுக்கு விளங்கியிராது, எனக்கும் பிறகுதான் ஜெர்மனில் சொன்னாள். “இண்டைக்கு இறங்காதேங்கோ! நாளைக்குத்தான் யோவான் ஆசீர்வதிப்பார்!” என்றாள். சிலுவை போட்டுக்கொண்டாள். நீங்கள் நாணலை விலக்கி, வளையத்தை இரண்டு கையாலும் தண்ணீரோடு சேர்த்துத் தள்ளி விட்டீர்கள். அது போன திசையைப் பார்த்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே நின்றீர்கள். பிறகு ஏறி வந்து, ஈரக் காலோடு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேருந்துக்குப் போய்விட்டீர்கள். பேருந்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

நான் என்ன பிழை செய்தேன்? ஆற்றில் கொளுத்த வேண்டாம் என்று எழுதினீர்கள், நான் கொளுத்தினேன். அந்தக் கோபமா? கோபமென்றால் ஏன் தள்ளி விட்டீர்கள்?

பிளோறன்ஸ்

*

ஹம்
2 ஜூலை 2005

தங்கச்சிக்கு,

இதை நான் நான்கு தரம் எழுதிக் கிழித்திருக்கிறேன். உன் மச்சாளுக்கும் இதுவரை சொல்லவில்லை.

2002 ஆகஸ்ட், உன் மனுசன் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிக் கிழமை. நீ உடுப்பு மாற்ற வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து நான் அங்கே போனேன். சட்டைப் பையில் ஒரு சின்னப் போத்தல், நம் சாமியாரிடம் கேட்டு வாங்கிய தீர்த்தம். நினைவில்லாமல் கிடப்பான், தலையில் மூன்று தரம் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். சாகும் தறுவாயில் யாரும் கொடுக்கலாம் என்று திருச்சபை சொல்கிறது. அதற்கு அவனுடைய விருப்பம் வேண்டும் என்றும் திருச்சபை சொல்கிறது. அதை நான் வசதியாக மறந்துவிட்டேன்.

மூடியைத் திறந்தேன். அவன் கண்ணைத் திறந்தான்.

“அண்ணையோ?” என்றான். அவன் போத்தலைப் பார்த்தான். “தண்ணி கொண்டந்தனீங்களோ? தாங்கோ. வாய் காயுது.”

நீ அவனைக் கட்டிய நாளில் இருந்து பதினைந்து வருடம் நான் அவனோடு சரியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. வேதக்காரப் பெண்ணைக் கட்டிக் கொண்டுபோன சைவக்காரன் என்பதைத் தவிர, அவனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கட்டிலைக் கொஞ்சம் உயர்த்தினேன். மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான். “பெரிய உபகாரம் அண்ணை” என்றான். திருட வந்தவனுக்கு வீட்டுக்காரன் நன்றி சொன்ன மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அவன் பெயரைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஞானஸ்நானம் கொடுக்கத் துணிவில்லாதவன் என்று ஒரு பக்கம். கேட்காமல் கொடுக்கப் போனவன் என்று மறுபக்கம். இரண்டு பக்கமும் நான்தான். நீ துவசம் என்று சொன்னபோது வந்த கோபம் உன் மேல் வந்ததல்ல. சொன்னது மட்டும் உன்னிடம்.

அன்று ஆற்றுக்குள் ஏன் இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. அது அங்கே மாட்டிக்கொண்டு எரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. இரண்டு கையிலும் தண்ணீரை அள்ளித் தள்ளும்போது அந்த ஆஸ்பத்திரி அறை ஞாபகம் வந்துவிட்டது. உன் முகத்தைப் பார்த்திருந்தால் அங்கேயே எல்லார் முன்னாலும் சொல்லியிருப்பேன்.

இதை வாசித்த பிறகு நீ எனக்கு எழுதாவிட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஜேசுரட்ணம்

*

எல்லர்ன்பெக்
7 ஜூலை 2005

அன்புள்ள அண்ணைக்கு,

அவர் சொன்னவர்.

அன்று பின்னேரம் நான் திரும்பி வந்தபோது சொன்னார்: “உன்ர கொண்ணை வந்தவர். தண்ணி தந்தவர். தண்ணி உப்பாக் கிடந்தது.”

நான் நம்பவில்லை. காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நினைத்தேன். நீங்கள் எங்கள் வீட்டு வாசலையே மிதிக்காத ஆள். “அவர் ஏன் வாறார்? நீங்கள் கனவு கண்டனீங்கள்” என்றேன். “இல்லையப்பா, வந்தவர்” என்றார். இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு மூன்று நாள்தான்.

மூன்று வருடமாக அதை அவருடைய பிதற்றல் என்று எல்லாருக்கும் சொல்லி வந்திருக்கிறேன். மச்சாளிடமும் சொல்லி அழுதிருக்கிறேன். “பாருங்கோ, கடைசி நேரத்தில அண்ணை வாறதாக் கனவு கண்டிருக்கிறார், அவ்வளவு ஆசை” என்று. நீங்கள் பக்கத்து அறையில்தான் இருந்திருப்பீர்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. தண்ணீர் கொண்டுபோனதற்கல்ல. நீங்கள் அப்படித்தான், அது எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டதற்கு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் சொன்னது உண்மை என்று நான் நம்பியிருப்பேன். இந்தக் கோபம் எப்போது போகுமென்று தெரியவில்லை. கொஞ்ச நாள் வைத்திருப்பேன்.

ஆனால் அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை அண்ணை. சிரித்துக்கொண்டு சொன்னவர். நீங்கள் வந்தது அவருக்குப் பெரிய விஷயம்.

போலந்துக்காரர் எல்லாரும் போன சனிக்கிழமை பேருந்தில் போய்விட்டார்கள். வயலில் ஸ்பார்கல் இலை விட்டு ஆள் உயரத்துக்குப் பச்சையாக நிற்கிறது. முதலாளி என்னை ஸ்ட்ரோபெரி விற்று முடியும்வரை நிற்கச் சொல்லியிருக்கிறார். பண்ணை வெறுமையாக இருக்கிறது. ஒரு ஆளுக்குச் சமைக்க எனக்கு இன்னும் கைவரவில்லை.

பிளோறன்ஸ்

*

ஹம்
12 ஜூலை 2005

தங்கச்சிக்கு,

அது உப்பிட்டு மந்திரித்த தீர்த்தம். நம் சாமியாருக்குப் பழைய வழக்கம். ஆகவே பிதற்றல் இல்லை, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கோபத்தை வேண்டிய மட்டும் வைத்திரு.

உன் மச்சாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. பிறகு அடுப்பைத் துடைத்துவிட்டு, “துவசச் சமையல் இங்கதான். பிளோறன்சை முதல் நாளே வரச் சொல்லுங்கோ. இறைச்சிச் சட்டி ஒண்டும் தொட மாட்டன், புதுச் சட்டி வாங்கி வைக்கிறன்” என்றாள்.

ஆகஸ்டில் கோயிலில் கூட்டமாக இருக்குமே என்று நேற்று நானே ஐயருக்குத் தொலைபேசி எடுத்தேன். எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை, என்ன கேட்பது என்றே தெரியவில்லை. செத்த தேதியைச் சொன்னேன். தேதி சரிவராது, திதி வேண்டும் என்றார். கோத்திரம் கேட்டார். நட்சத்திரம் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் எழுதி அனுப்பு.

கடைசியில் அவருக்கும் பொறுமை போய்விட்டது. “இதொண்டும் தெரியாதெண்டுறியள். செத்தவர் உங்களுக்கு என்ன முறை?” என்று கேட்டார்.

“என்ர மச்சான்” என்றேன்.

உன் அண்ணை
ஜேசுரட்ணம்